கருணையா, கடனா?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மலையிலே சாமை விளைகிறது; புளியும் தேனும் கிடைக்கின்றன. ஆனால் இவற்றை விற்று ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்த முடிவதில்லை. ஆகவே இம்மலையின் ஆண்மக்கள் பிழைப்புத் தேடிக் கீழே இறங்குகின்றனர். சிலர் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகின்றனர். சிலரைத் தரகர்கள் ஆந்திர நாட்டுச் செம்மரக் காட்டுக்கு அழைத்துச் செல்கின்றனர். அப்படிப் போனவர்களில் சிலர் பிணமாகத் திரும்பினர். அந்தச் சாவுக்குப் பொறுப்பாளி யார், அந்தப் பொறுப்பு எதுவரையில் செல்லும் என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

போலீசாரின் பிடியில் ஒருவன் இறந்தால் ஆட்சியாளர் முதலில் மறுக்கின்றனர். மறுக்க முடியாதபோது விசாரணை என்கின்றனர். ஊர் கொதித்தெழுந்தால் ஒரு தொகையை அறிவிக்கின்றனர். அத்தொகைக்குக் கருணைத் தொகை என்றும், நிவாரணம் என்றும், உதவி என்றும் பெயர் சூட்டுகின்றனர். பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். கருணை என்றால் கொடுப்பவன் மனம் வைத்தால் கிடைக்கும். மனம் வைக்காவிட்டால் கேட்க வழியில்லை. கடன் என்றால் தலை நிமிர்ந்து கேட்கலாம்; மறுத்தால் வழக்காடிப் பெறலாம். தன் பிடியில் இருந்தவனை உயிரோடு திருப்பித் தர முடியாத அரசு, அவன் குடும்பத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டை நம் ஊழியர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்.

சேஷாசலத்தில் நடந்தது

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், திருப்பதிக்கு அருகே சந்திரகிரியை ஒட்டிய சேஷாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டது, செம்மரக் கடத்தலைத் தடுப்பதற்கென ஆந்திர அரசு அமைத்த தனிப்படை. மாண்டவர்கள் தமிழகத்தின் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைகள். அவர்களுள் பலர் மலையாளிப் பழங்குடியினர்.

தனிப்படையினர் சொன்ன கதை சுருக்கமானது. நூற்றுக்கு மேற்பட்டோர் மரம் வெட்டிக்கொண்டிருந்தனராம். சரணடையச் சொன்னபோது கல்லாலும் கோடரியாலும் தாக்கினராம். தற்காப்புக்காகச் சுட நேர்ந்ததாம். ஆனால் உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னது முற்றிலும் வேறு. தங்களோடு வந்தவர்களைப் போலீசார் முதல் நாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு போயினர் என்றனர். பேருந்தில் ஒரு பெண்ணின் அருகே அமர்ந்திருந்ததால் ஒருவர் தப்பினார். அவரோடு வந்தவர்கள் மறுநாள் காட்டில் பிணமாகக் கிடந்தனர். பிணங்களின் பக்கத்தில் கிடந்த கட்டைகள் பழைய அடையாளக் குறி இடப்பட்டவை என்று நேரில் கண்ட பத்திரிகையாளர்கள் எழுதினர்.

கணவனை இழந்த ஒரு பெண்ணின் புகாரின் பேரில் கொலை வழக்குப் பதிவாயிற்று. நீதிமன்ற ஆணையின்படி 6 உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. மனித உரிமை ஆணையம், மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 5 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்குமாறும், மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டுமென்றும் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு என்ன செய்தது? பணத்தை எடுத்து வைக்கவில்லை. அப்பரிந்துரையை எதிர்த்து உயர்நீதி மன்றத்தின் படியேறியது. இந்தச் செயலின் பொருளை ஆராய வேண்டும். கொடுத்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற அச்சமே அதன் பொருள். தொகை பெரிதன்று. பொறுப்பு என்ற சொல்தான் அவர்களைச் சுட்டது.

அரசன் தவறு செய்ய மாட்டானா?

அரசு தன் ஊழியனின் குற்றத்துக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அரசன் தவறு செய்ய மாட்டான் என்பது இங்கிலாந்தின் பழைய கோட்பாடு. நம் மரபு அதை ஒப்பியதில்லை. கள்வன் என்று ஒருவன் கை காட்டினான். விசாரணையின்றிக் கோவலன் வெட்டுண்டான். அவன் மனைவி அவைக்களம் புகுந்து வழக்குரைத்தபோது, காவலன் செய்த பிழை என்றோ, பொற்கொல்லன் சொன்ன பொய் என்றோ பாண்டியன் ஒதுங்கிக்கொள்ளவில்லை. பிழை தன்னுடையது என ஏற்று அரியணையிலேயே உயிர் விட்டான். உயிரை விட வேண்டுமென்று இன்றைய ஆட்சியாளரை நாம் கேட்கவில்லை. பிழையை ஏற்க வேண்டுமென்று மட்டுமே கேட்கிறோம்.

கும்பினி ஆட்சி முடிந்த சிறிது காலத்தில், 1861-ஆம் ஆண்டு, கல்கத்தாவில் ஒரு வழக்கு நடந்தது. சர்க்கார் கப்பல் துறையின் ஆட்கள் சுமந்து சென்ற இரும்புத் துண்டினால் ஒரு கப்பல் கம்பெனியின் குதிரைக்குக் காயம் ஏற்பட்டது. சர்க்கார் நட்டஈடு தர வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. ஆனால் அத்தீர்ப்பிலேயே ஒரு கோடும் கிழிக்கப்பட்டது: வாணிகம் போன்ற செயல்களில் சர்க்கார் பொறுப்பாகும், ஆளும் அதிகாரத்தைச் செலுத்தும் செயல்களில் பொறுப்பாகாது என்றனர். குதிரைக்கு நட்டஈடு கிடைத்தது. போலீசாரால் அடிபடும் குடிமகனுக்குக் கதவு அடைபட்டது!

நாடு விடுதலை பெற்ற பின்னும் அக்கோடு அழியவில்லை. 1947-ஆம் ஆண்டு மீரட் நகரப் போலீசார், கஸ்தூரிலால் என்னும் வணிகர் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து தங்கத்தைக் கைப்பற்றித் தங்கள் காவலில் வைத்தனர். அதைக் காத்திருக்க வேண்டிய தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். 1964-இல் உச்சநீதி மன்றம் தந்த தீர்ப்பு என்ன? கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் ஆளும் அதிகாரத்தைச் சார்ந்தவை. ஆகவே அரசு தர வேண்டியது ஏதுமில்லை என்பதே. அத்தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி கஜேந்திரகட்கரே இந்நிலை மாறச் சட்டம் இயற்ற வேண்டுமென்று எழுதினார். சட்ட ஆணையம் தன் முதல் அறிக்கையிலேயே, 1956-இல், இதைச் சொல்லியிருந்தது. 1965-லும் 1967-லும் மசோதாக்கள் வந்தன, ஒன்றும் சட்டமாகவில்லை. எந்த இங்கிலாந்திடமிருந்து இக்கோட்பாட்டைப் பெற்றோமோ, அந்த இங்கிலாந்து 1947-இலேயே சட்டம் செய்து அதைப் பெருமளவு கைவிட்டது. எசமானன் கழற்றி எறிந்த சட்டையை நாம் பெட்டியில் வைத்துக் காத்தோம்!

ஒரு தாய் எழுதிய கடிதம்

கதவைத் திறந்தவர்கள் சட்டமன்றத்தில் இருந்தவர்கள் அல்லர், பாதிக்கப்பட்டவர்கள். பீகாரில் ருதுல் சா என்பவர், குற்றவாளியல்லர் என்று 1968-இல் விடுவிக்கப்பட்ட பின்னும் 14 ஆண்டுகள் சிறையிலேயே கிடந்தார். 1983-இல் உச்சநீதி மன்றம் அவருக்கு இழப்பீடு தரச் சொல்லிற்று. அடிப்படை உரிமையைப் பறித்த அரசு, அந்த உரிமை வழக்கிலேயே பணம் கொடுத்தாக வேண்டும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

அடுத்த படி ஒரிசாவில் எடுத்து வைக்கப்பட்டது. 1987-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், 22 வயது இளைஞன் ஒருவனைப் போலீசார் வீட்டிலிருந்து அழைத்துச் சென்றனர். மறுநாள் அவன் உடல் ரயில் பாதையில் கிடந்தது. கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு இரவில் தப்பி ஓடிவிட்டான், ரயிலில் அடிபட்டுச் செத்தான் என்றனர் போலீசார். அவன் தாய் நீலாவதி பெஹரா உச்சநீதி மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காயிற்று. 1993-ஆம் ஆண்டு மார்ச் 24-இல் தீர்ப்பு வந்தது. தாய்க்கு ஒன்றரை லட்ச ரூபாய் தரும்படி அரசுக்கு ஆணை. தொகையைவிடத் தீர்ப்பின் அடிப்படையே நமக்கு முக்கியம். போலீஸ் காவலில் இருந்தவன் எப்படி இறந்தான் என்பதை விளக்கும் சுமை அரசின் தலைமேல் இருக்கிறது. அடிப்படை உரிமையை மீறிய இடத்தில் ஆளும் அதிகாரம் என்ற கேடயம் செல்லாது என்பவையே அத்தீர்ப்பின் இரு தூண்கள்.

ஆந்திர அரசுக்கு இது தெரியாததா? அந்த அரசின் பெயரிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1977-ஆம் ஆண்டு மே மாதம், கர்நூல் மாவட்டம் கோயில்குண்டலா கிளைச்சிறையில், தந்தையும் மகனும் அடைக்கப்பட்டிருந்த அறைக்குள் வெளியாட்கள் வெடிகுண்டு வீசினர், தந்தை மாண்டார். குண்டு வீசியது அரசன்று. ஆயினும் சிறையில் இருந்தவனைக் காக்கத் தவறியது அரசு. 1,44,000 ரூபாய் தர வேண்டுமென்று அம்மாநில உயர்நீதி மன்றம் சொன்னதை 2000-ஆம் ஆண்டில் உச்சநீதி மன்றம் உறுதி செய்தது. பிறர் வீசிய குண்டுக்கே பொறுப்பேற்க வேண்டிய அரசு, தன் படை சுட்ட குண்டுக்குப் பொறுப்பில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

காவல் எங்கே தொடங்குகிறது?

இங்கே ஒரு தடை எழுப்புவர். அவை எல்லாம் காவலில் நேர்ந்த சாவுகள். சேஷாசலத்தில் நடந்தது மோதல். யாரையும் கைது செய்யவே இல்லையே என்பர். தோழர்களே, நம் வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. காவல் என்பது நிலையத்துப் பதிவேட்டில் பெயர் எழுதும்போது தொடங்குவதா? அப்படியானால் பெயரை எழுதாமலே விட்டுவிட்டால் பொறுப்பும் வராது! சட்டத்தை மீறுகிறவனுக்கு அந்த மீறலே பாதுகாப்பாகிவிடும். ஒருவன் தன் விருப்பப்படி எழுந்து போக முடியாமல் அரசின் கைக்குள் வந்த கணத்திலேயே காவல் தொடங்கிவிடுகிறது. அந்தக் கை அவனைப் பேருந்திலிருந்து இறக்கினாலும் சரி, வீட்டுத் திண்ணையிலிருந்து எழுப்பினாலும் சரி.

மணிப்பூரில் 1991-இல் இருவர் கொல்லப்பட்டனர். மோதல் என்றது போலீஸ். மாவட்ட நீதிபதி விசாரித்தார். அவர்கள் பிடித்துச் செல்லப்பட்டுச் சுடப்பட்டனர் என்று கண்டார். 1997-இல் உச்சநீதி மன்றம் இரு குடும்பங்களுக்கும் தலா ஒரு லட்ச ரூபாய் தரச் சொல்லிற்று. மோதல் என்ற சொல்லை ஏற்பதா வேண்டாவா என்பதை விசாரணை தீர்மானிக்க வேண்டும். சுட்டவன் தீர்மானிக்கக் கூடாது. 2014-இல் அதே மன்றம் வகுத்த நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன: ஒவ்வொரு மோதல் சாவிலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சுட்ட படையைச் சாராதவர்கள் புலனாய்வு செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். சேஷாசலத்தில் துப்பாக்கி வெடித்தது இந்நெறிமுறைகள் வந்த ஏழாம் மாதத்தில்!

கயிற்றைக் கடித்துத் தப்பினான் என்றது ஒரிசா. 1993-இல் கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டான் என்றது தமிழ்நாட்டுப் போலீஸ். உடலோ வேறு மாவட்ட எல்லையில் கிடந்தது. தாக்க வந்தனர் என்றது ஆந்திரா. மொழி வேறு, கதை ஒன்றே. செத்தவன் வந்து மறுக்கப்போவதில்லை என்ற துணிவே அக்கதையின் ஆணிவேர். ஆகவேதான் விளக்கும் சுமை அரசின்மேல் இருக்க வேண்டும் என்கிறோம்.

மூன்று தடைகளுக்கு விடை

திருடப் போனவர்களுக்காகப் பரிவதா என்று சிலர் கேட்கின்றனர். செம்மரம் வெட்டுவது குற்றமென்றே வைத்துக்கொள்வோம். அதற்குச் சட்டம் சொல்லும் தண்டனை சிறையும் அபராதமும், தூக்கன்று. நீதிபதியே கொடுக்க முடியாத தண்டனையைக் காட்டில் நிற்கும் காவலர் கொடுக்கலாமா? கூலிக்கு வெட்டியவன் பிணமாகக் கிடக்க, கட்டையைக் கப்பலேற்றியவன் எங்கே என்று கேட்பவர் எத்தனை பேர்?

அரசு தரும் பணம் மக்களின் வரிப்பணமன்றோ, குற்றவாளியின் பாவத்தை மக்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பது இரண்டாவது தடை. நியாயமான கேள்வி. விடையும் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில், முதலில் அரசு தர வேண்டும், பின்னர் தவறு செய்தவனிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்றனர். அது ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடவில்லை. நமக்கு அண்டையிலுள்ள வாச்சாத்தியைப் பாருங்கள். 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-இல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லிப் புகுந்த வனத்துறையினரும் போலீசாரும் 18 பெண்களைச் சீரழித்தனர். 269 பேர் மீது வழக்கு. 19 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011-இல், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர்நீதி மன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, அப்பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் தர ஆணையிட்டது. அதில் பாதியைக் குற்றம் செய்தவர்களிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. அங்கே சந்தனம், இங்கே செம்மரம். மரத்தின் பெயரைச் சொல்லி மலைமக்களை வேட்டையாடுவது புதிதன்று என்பதற்கும், விடாமல் போராடினால் வெல்லலாம் என்பதற்கும் வாச்சாத்தி சான்று.

மூன்றாவது தடை நம் பக்கத்திலிருந்தே வருகிறது. பணம் வாங்கிக்கொண்டால் கொலைக்கு விலை பேசியதாகாதா என்று மானமுள்ள தோழர்கள் கேட்கின்றனர். பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள ஆட்சியாளர் முயல்வது உண்மையே. ஆனால் இழப்பீடு வேறு, தண்டனை வேறு. ஒன்று மற்றொன்றை அடைத்துவிடாது. நீலாவதி பெஹராவுக்குப் பணம் தரச் சொன்ன மன்றம், கொன்றவர்மீது நடவடிக்கை வேண்டாமென்று சொல்லவில்லை. பெற வேண்டியதைப் பெறுவோம்; ஆனால் வழக்கைக் கைவிடுவதாக எழுதிய எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கமாட்டோம். இதுவே நம் நிலை.

தமிழக அரசு அன்று 20 குடும்பங்களுக்கும் தலா 3 லட்ச ரூபாய் அறிவித்தது. நல்லது. ஆனால் அண்ணன் செய்த உதவி, அடித்தவன் தரவேண்டிய கடனைத் தீர்த்துவிடாது. தமிழகமும் கை கழுவிக்கொண்டு நிற்க முடியாது. சாத்தான்குளத்தில் 2020-ஆம் ஆண்டு தந்தையும் மகனும் மாண்டது ஆந்திரப் போலீசாரின் கையிலா? 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருப்புவனத்தில் நகைத் திருட்டு விசாரணை என்ற பெயரில் ஒரு கோயில் காவலாளி அடித்துக் கொல்லப்பட்டது எந்த மாநிலத்தில்? அவர் குடும்பத்துக்கு இடைக்கால இழப்பீடாக மேலும் 25 லட்ச ரூபாய் தர உயர்நீதி மன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது. ஆட்சியில் எவர் அமர்ந்தாலும் நம் அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேண்டியவர் ஆட்சியென்றால் மௌனம், வேண்டாதவர் ஆட்சியென்றால் முழக்கம் என்பது கட்சி நடத்தும் முறையாகலாம். நீதி கேட்கும் முறையாகாது.

நம் வேலை

சொற்பொழிவு கேட்டுக் கலைந்து போவதற்காக நாம் கூடவில்லை. ஊழியர் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒருவரைப் போலீசார் கொண்டு போனால் அந்த நாள், மணி, இடம், வண்டி, கண்டவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். பேருந்துச் சீட்டு, தொலைபேசி அழைப்பு எதையும் தொலைக்காதீர்கள். பிடித்தோம் என்று அவர்கள் ஒப்பாதபோது, காவல் எங்கே தொடங்கிற்று என்பதை மெய்ப்பிக்க இவையே துணை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டுமென்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. அந்நேரம் கடந்தால் மாவட்ட நீதிபதிக்கும் கண்காணிப்பாளருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். ஒரு தாயின் கடிதம் ஓர் அரசைக் கூண்டிலேற்றியதை மறவாதீர்கள்.

சாவு நேர்ந்துவிட்டால், நீதித்துறை மாஜிஸ்திரேட்டின் விசாரணையைக் கேளுங்கள். அது சட்டம் தந்துள்ள உரிமை. பிரேதப் பரிசோதனையைப் படமெடுக்கச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் உடலை அடக்கம் செய்வதற்கு முன்னரே நீதிமன்றம் செல்லுங்கள். மனுவில் நிவாரணம் வழங்கி உதவுமாறு என்று எழுதாதீர்கள். அடிப்படை உரிமையைப் பறித்தமைக்கு இழப்பீடு தருமாறு என்று எழுதுங்கள். தொகை எவ்வளவு என்பதை மாண்டவர் எத்தனை உயிர்களைக் காப்பாற்றி வந்தார் என்ற கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

கட்சி செய்ய வேண்டியதும் உண்டு. 1956-இல் சொல்லப்பட்ட சட்டம் இன்னும் வரவில்லை. சித்திரவதைக்கு எதிரான உலக உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது; அதை உறுதி செய்து ஏற்கவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே காலாவதியாயிற்று. காவல் சாவுக்கு அரசே பொறுப்பு என்றும், விளக்கும் சுமை போலீசாருடையது என்றும், எந்த மாநிலத்துப் போலீசார் கையில் எந்த மாநிலத்தவர் இறந்தாலும் இழப்பீடு உண்டு என்றும் தெளிவாகச் சொல்லும் சட்டம் வேண்டும். அதுவரை ஒவ்வொரு விதவையும் ஒவ்வொரு முறையும் அண்டை மாநிலத்து நீதிமன்ற வாயிலில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி இம்மலை மக்களுக்கு நிலமும் காட்டுப்பொருளும் முறையாகக் கிடைத்தால், தரகன் நீட்டும் முன்பணத்துக்கு மயங்கி மலையிறங்குவோர் தொகையும் குறையும்.

தோழர்களே! அரசுக்கு ஒருவனைப் பிடிக்கும் அதிகாரம் மக்கள் தந்தது. பிடித்தவனைக் காக்கும் கடமையோடு சேர்த்தே மக்கள் அதைத் தந்தனர். கடமை தவறிய இடத்தில் கணக்குக் கேட்கும் உரிமை, கோட்டையில் இருப்பவனுக்கு எவ்வளவு உண்டோ, இந்த மலையுச்சியில் சாமை விதைப்பவனுக்கும் அவ்வளவு உண்டு. அந்தக் கணக்கைக் கேட்போம்; வட்டியும் முதலுமாகத் தீரும் வரை கேட்போம்.